வீட்டில் ஆள் மாறியதும் அஸ்வெசும குறைந்துவிட்டது: மாதச் செலவை எப்படிச் சரிக்கட்டுவது?

விசுவமடுப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கணவர் 2009 மே மாதம் காணாமற்போனவர். அப்போது மகனுக்கு மூன்று வயது, மகள் கைக்குழந்தை. இரண்டு பிள்ளைகளையும் தன் தாயையும் வைத்துக்கொண்டு தனியாகவே குடும்பத்தைக் கொண்டுவந்தவர். அரசாங்கத்தின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும ‘மிகவும் வறிய’ பிரிவில் மாதம் 17,500 ரூபாய் வந்தது. தாய்க்கு எழுபது வயது தாண்டியதால் முதியோர் கொடுப்பனவு 5,000 வந்தது. இப்போது தாய் காலமாகிவிட்டார். மகன் கிளிநொச்சியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். தகவல் புதுப்பித்த பிறகு வீடு ‘வறிய’ பிரிவுக்கு மாறி 10,000 மட்டும் வருகிறது. 22,500 வந்த வீட்டுக்கு 10,000. மகள் உயர்தரம் முதலாம் வருடம் படிக்கிறார். குழுக்கடன் கொடுப்பவர்கள் 50,000 தருகிறோம் என்று வாசலில் வந்து நிற்கிறார்களாம். “எடுக்கட்டா அக்கா, வேறை வழி இருக்கா?” என்பதுதான் கேள்வி.

தங்கச்சி, முதலில் கடனை எடுக்காதீர்கள். ஏன் என்று கீழே கணக்கோடு சொல்கிறேன். வேறு வழியும் இருக்கிறது. ஆனால் ஒரே இடத்திலிருந்து 12,500 ரூபாயும் திரும்பி வராது. நாலு இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கவேண்டி வரும்.

உங்களுக்கு உண்மையில் இழப்பாகிப் போனது எது என்பதைப் பார்ப்போம். வன்னியில் கூலிக்குப் போகிற பெண்ணுக்கு வருடம் முழுக்க வேலை இருப்பதில்லை. கச்சான் பிடுங்கும் காலம், உழுந்து பிடுங்கும் காலம் என்று சில கிழமை கையில் காசு புழங்கும். முன்பு காலபோக அறுவடையில் அரிவு வெட்டப் பெண்களுக்குத் தொடர்ந்து வேலை இருந்தது, இப்போது அந்த வேலையை மெசின் செய்துவிடுகிறது. அப்படிப்பட்ட வீட்டில் வங்கிக் கணக்குக்கு மாதாமாதம் வந்து விழுந்த காசுதான் சங்கக்கடைக் கணக்கையும் கரண்ட் பில்லையும் ரியூசன் காசையும் தாங்கியது. அந்த மாதக் காசில்தான் இப்போது துண்டு விழுகிறது. ஆகவே அதை நிரப்ப வருவதும் மாதாமாதம் வருகிற காசாக இருக்கவேண்டும். கச்சான் போட்டு வைகாசியில் சமாளிக்கலாம் என்ற நினைப்பு மாசி மாதத்து அரிசிக்கு உதவாது. குரங்கும் யானையும் பன்றியும் விட்டுவைத்தால்தான் அந்தக் கச்சானும் கைக்கு வரும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

சரி, மாதம் எவ்வளவு துண்டு விழுகிறது? ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு இருங்கள். 12,500 குறைந்தது உண்மை. ஆனால் அம்மாவுக்காகச் செலவழித்ததும் நின்றிருக்கிறது. பால்மா, வெளியில் வாங்கிய மருந்து, கிளினிக் நாளில் ஆஸ்பத்திரிக்குப் பிடித்த ஓட்டோ எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். இதை எழுதும்போது மனம் வலிக்கும். அம்மா போனதைக் காசில் எழுதுவதா என்று இருக்கும். ஆனாலும் எழுதுங்கள். மாதம் 4,000 வரை அவருக்குப் போயிருக்கும் என்று வைத்துக்கொண்டால், துண்டு விழுவது 8,500. உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கலாம், அந்தத் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள். 12,500 என்று நினைத்துப் பயந்தால் கடன்காரர் சொல்வது சரியாகத்தான் தெரியும். 8,500 என்றால் கொஞ்சம் யோசிக்க இடம் கிடைக்கிறது.

அம்மாவின் ஆட்டத்திவசம் வரப்போகிறது என்பதையும் இப்போதே கணக்கில் எழுதுங்கள். அந்தியேட்டிக்கு வாங்கிய கடன் இன்னும் கிடந்தால் அதையும் எழுதுங்கள். ஐயருக்குக் கொடுப்பதும் வீட்டாருக்குச் சமைப்பதும் போதும். ஊரைக் கூப்பிட்டுப் பந்தி வைக்காவிட்டால் அம்மாவுக்குக் குறை வைத்ததாகாது. யாராவது கதைத்தால் கதைத்துவிட்டுப் போகட்டும்.

இப்போது அந்த 50,000 ரூபாய்க் கடன். கிழமைக்கு 1,300 வீதம் 52 கிழமை கட்டு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 67,600. வட்டி 17,600 என்றதும் 35 வீதம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதலையும் சேர்த்துத் திருப்பிக் கட்டத் தொடங்குகிறீர்கள். வருடம் முழுக்க 50,000 உங்கள் கையில் இருப்பதில்லை. அதனால் குறைந்து செல்லும் நிலுவைக்குக் கணக்குப் பார்த்தால் வட்டி வருடத்துக்கு 60 வீதத்தைத் தாண்டும். அதைவிட உங்கள் வீட்டுக்குப் பொருந்துகிற கணக்கு இன்னொன்று. மாதம் 8,500 துண்டு விழுகிறது, 50,000 எடுத்தால் கிட்டத்தட்ட ஆறு மாதம் ஓட்டலாம் என்று நினைப்பீர்கள். கிழமைக்கு 1,300 என்பது மாதத்துக்கு 5,600 ரூபாய்க்கு மேல். அதையும் அந்தக் கடன் காசிலிருந்தே கட்டவேண்டும். ஆகவே மாதம் 14,100 போகும். மூன்றரை மாதத்தில் காசு முடிந்துவிடும். அதன்பிறகு எட்டு மாதத்துக்கும் மேலாக, 8,500 துண்டு விழுந்த வீட்டில் 14,100 துண்டு விழும். அந்த நேரத்தில்தான் இரண்டாவது நிறுவனத்தார் வருவார்கள். முதல் கடனைக் கட்ட இரண்டாவது கடன், அதைக் கட்டக் காதில் கிடக்கிற தோடு. இந்த வழியில் போன பெண்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

குழுவில் ஐந்து பேர் ஒருவருக்கொருவர் பிணை நிற்கிற முறை இன்னும் பொல்லாதது. நீங்கள் ஒரு கிழமை கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் உங்கள் படலையில் வந்து நிற்பார்கள். அவர்களும் உங்களைப்போலக் கூலிக்குப் போகிறவர்கள்தான். பக்கத்து வீட்டுக்காரியோடு இருக்கிற நல்ல உறவும் கடனோடு போய்விடும். 2018 இல் நுண்கடன் வட்டிக்கு மத்திய வங்கி 35 வீத உச்சவரம்பு வைத்ததும், அதே வருடம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் (வடக்கின் ஐந்தும் அதில் அடக்கம்) பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய் வரையான கடன்களை அரசாங்கம் பொறுப்பெடுத்ததும் சும்மா நடந்தவை அல்ல. அவ்வளவு பேர் தாங்கமுடியாமல் நொந்த பிறகுதான் நடந்தன. அவசரத்துக்குக் கட்டாயம் கடன் வேண்டும் என்றால், உங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சுழற்சி நிதி, சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம், சமுர்த்தி வங்கி ஆகியவற்றில் முதலில் கேளுங்கள். கையில் நகை இருந்தால் அரச வங்கியில் அடகு வைப்பது குழுக்கடனைவிட மேல். அதுவும் ஒரு தடவைச் செலவுக்குத்தான். மாதச் சாப்பாட்டுக்குக் கடன் எடுக்கவே கூடாது.

அடுத்தது மகனோடு கதைக்கவேண்டிய கதை. இதுதான் கஷ்டமானது. கன வீடுகளில் இந்தக் கதையைக் கதைக்காமலே விட்டுவிடுகிறார்கள். மகனுக்கு வேலை கிடைத்ததால்தான் காசு குறைந்தது என்று தாய் மனதுக்குள் வைத்துக்கொள்வார். தன்னால்தான் வீட்டுக்கு நட்டம் என்று மகன் நினைப்பான், அல்லது தாய்க்கு 10,000 வருகிறதுதானே என்று நினைத்து மோட்டார் சைக்கிள் லீசிங்குக்குக் கையெழுத்து வைப்பான். இரண்டில் எது நடந்தாலும் வீடு குழம்பும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட பிறகு, சம்பளச் சிட்டையை முன்னால் வைத்துக்கொண்டு மூன்று பேரும் இருந்து கதையுங்கள். மகளையும் சேருங்கள், அவருக்கும் இது தெரியவேண்டும். ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆனது, 2026 ஜனவரியில் இருந்து 30,000. அதற்குக் குறையக் கொடுக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். 30,000 என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 2,400 கழித்து 27,600 கைக்கு வரவேண்டும். முதலாளி தன் பக்கத்தில் 12 வீதம் போடவேண்டும், அது 3,600. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 வீதம், 900. இந்த 6,900 ரூபாயும் மாதாமாதம் மகனின் பெயரில் சேரவேண்டிய காசு. சிட்டையே கொடுப்பதில்லை, கையில் எண்ணித்தான் தருகிறார்கள் என்றால் பெரும்பாலும் சேமலாப நிதி கட்டவில்லை என்றுதான் அர்த்தம். மகன் முதலாளியிடம் பணிவாகக் கேட்கட்டும். சரிவராவிட்டால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். கஷ்டப்பட்டுக் கிடைத்த வேலையில் பிரச்சினை வேண்டாம் என்று நீங்கள் பயப்படுவது எனக்கு விளங்குகிறது. ஆனாலும் இருபது வயதில் தொடங்கி நாற்பது வரை வேலை செய்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிற ஆண்களை நம்முடைய ஊர்களில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

8,500 ரூபாயையும் மகன் தலையில் கட்டாதீர்கள். பஸ்ஸுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் போனுக்கும் அவருக்கே ஒரு தொகை போகும். சம்பளம் வந்த அன்றே 6,000 உங்கள் கணக்குக்குப் போட்டுவிட வேண்டும் என்று முடிவெடுங்கள். சம்பளம் வங்கிக்கு வந்தால் நிலையான கட்டளை ஒன்று கொடுத்துவிடலாம், மாதாமாதம் தானாகப் போய்விடும். கேட்டு வாங்கவேண்டியும் இல்லை, கொடுத்தேன் என்று சொல்லிக் காட்டவேண்டியும் இல்லை. மிச்சத்தில் ஒரு பங்கைத் தன் பெயரில் சேமிக்கச் சொல்லுங்கள், மிச்சம் அவருடைய காசு. அதற்குக் கணக்குக் கேட்காதீர்கள். மோட்டார் சைக்கிள் ஆசை நியாயமானது. இருட்டிய பிறகு பஸ் கிடைக்காமல் ஏ-35 வீதியில் நிற்பது எவருக்கும் கஷ்டம்தான். ஆனால் வேலை நிரந்தரமாகும்வரை லீசிங் வேண்டாம். வேலை போனாலும் தவணை நிற்காது. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கும்வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு வழியையும் உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள்: மகனைக் குடும்ப அட்டையிலிருந்து வெட்டி, வேறாக இருக்கிறார் என்று காட்டினால் பழையபடி 17,500 வரும் என்று. செய்யாதீர்கள். ஒரே அடுப்பில் சாப்பிட்டுக்கொண்டு வேறு குடும்பம் என்று எழுதிக் கொடுப்பது பொய்த் தகவல். பக்கத்து வீட்டார் ஒருவர் ஆட்சேபனை எழுதிப் போட்டாலே விசாரணைக்கு வருவார்கள். பிடிபட்டால் இருக்கிற 10,000 ரூபாயும் போய், வாங்கியதைத் திருப்பிக் கட்டவேண்டியும் வரலாம். மகன் உண்மையாகவே கொழும்புக்கோ வேறெங்குமோ போய்த் தங்கினால், அப்போது கிராம அலுவலரிடம் அறிவித்து மாற்றுங்கள்.

நேர்மையான வழி மேன்முறையீடு. அஸ்வெசும வீட்டு வருமானத்தை மட்டும் பார்த்துக் கொடுப்பதல்ல. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு விடயங்களில் 22 அளவுகோல்களைப் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். தகவல் எடுக்க வந்தவர் அவசரத்தில் ஏதாவது பிழையாகப் பதிந்திருக்கவும் கூடும். மகனின் வேலை தற்காலிகமா நிரந்தரமா, வீட்டுக் கூரை தகரமா ஓடா, உங்களுக்கு ஏதாவது நீண்டகால வருத்தம் இருக்கிறதா, இதெல்லாம் சரியாகப் பதியப்பட்டிருக்கிறதா என்று பிரதேச செயலகத்தின் நலன்புரிப் பிரிவில் கேளுங்கள். நலன்புரி நன்மைகள் சபையின் 1924 இலக்கத்துக்கும் போன் எடுக்கலாம். “எனக்குக் காணாது, கூட்டித் தாருங்கள்” என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. “இந்த விடயம் இப்படிப் பதியப்பட்டிருக்கிறது, உண்மை நிலை இது, ஆதாரம் இணைத்திருக்கிறேன்” என்று எழுதுங்கள். மகனின் வேலைக் கடிதம், மகளின் அதிபர் கடிதம், அம்மாவின் மரணச் சான்றிதழ், உங்கள் கிளினிக் கொப்பி எல்லாவற்றிலும் போட்டோப் பிரதி இணையுங்கள். கொடுக்கும் கடிதத்தின் இன்னொரு பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வாருங்கள். அந்த முத்திரை இல்லாவிட்டால், மூன்று மாதம் கழித்துப் போகும்போது கடிதமே வரவில்லை என்று சொல்லிவிடலாம்.

மகன் சம்பளம் எடுக்கத் தொடங்கினால் ஓரளவு குறைவது அந்தத் திட்டத்தின் முறைதான். அதனால் மேன்முறையீட்டை நம்பிக்கொண்டு வீட்டுக் கணக்கைப் போடாமல் இருக்காதீர்கள். வந்தால் நல்லது.

மகளின் பக்கத்துக்கு வருவோம். இதில்தான் கன பேர் கவனிக்காமல் விடுகிற காசு இருக்கிறது. உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஜனாதிபதி நிதியத்திலிருந்து ஒரு புலமைப்பரிசில் இருக்கிறது. 2024 இல் மாதம் 6,000 வீதம் 24 மாதத்துக்குக் கொடுத்தார்கள். குறைந்த வருமானக் குடும்பமாக இருக்கவேண்டும், சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறும் வேண்டும். வலயத்துக்கு இத்தனை பேர் என்று தெரிவு செய்வார்கள், விண்ணப்பம் பாடசாலை அதிபர் ஊடாகப் போகும். சமுர்த்தியின் ‘சிப்தொர’ புலமைப்பரிசில் பற்றி உங்கள் சமுர்த்தி உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அப்புறம் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் என்று ஒருவர் இருப்பார். தகப்பன் இல்லாத பிள்ளைகளின் படிப்புக்கு எங்கே உதவி கேட்கலாம் என்பது அவருக்குத் தெரியும். அவரை நேரில் போய்ப் பாருங்கள். புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் பாடசாலைகள் ஊடாகப் பிள்ளைகளுக்கு உதவி செய்வதும் உண்டு. வகுப்பாசிரியரிடம் வீட்டு நிலையைச் சொல்லாவிட்டால் அந்தப் பட்டியலில் உங்கள் மகள் பெயர் எப்படி வரும்? பிள்ளைக்குக் கூச்சமாக இருக்கும், அதனால் நீங்களே போய்க் கதையுங்கள். பல்கலைக்கழகம் கிடைத்தால் மகாபொல புலமைப்பரிசில் மாதம் 7,500, அது கிடைக்காதவர்களுக்கு உதவிப்பணம் 6,500 என்று 2025 வரவு செலவுத் திட்டத்தில் கூட்டியிருக்கிறார்கள். கிடைக்காவிட்டால் கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. படிப்பை இடையில் நிறுத்திவிட்டு ஆடைத் தொழிற்சாலைக்கு அனுப்பினால் இந்த வருடத்துக் கஷ்டம் தீரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு வருடம் பொறுத்தால் அந்தப் பிள்ளைக்கு வேறு தொழில்கள் திறக்கும்.

கணவர் விடயம் ஒன்று. காணாமற்போனோருக்கு மரணச் சான்றிதழ் இல்லாமலே ‘காணக்கிடைக்காமைச் சான்றிதழ்’ எடுக்க 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. அதை எடுப்பது அவர் இறந்துவிட்டார் என்று ஒத்துக்கொள்வதாகாது. வங்கி, காணி, அரச உதவி விடயங்களில் அவர் சார்பில் நீங்கள் நடக்க அந்தச் சான்றிதழ் உதவும். இழப்பீட்டுக்கான அலுவலகம் ஊடாகக் குடும்பத்துக்கு ஒருதடவை 2 இலட்சம் ரூபாய் கொடுக்க 2022 இல் அமைச்சரவை அனுமதித்தது. நீதி கிடைக்கும்வரை இந்தக் காசு வேண்டாம் என்று வீதியோரக் கொட்டகைகளில் வருடக்கணக்காக இருக்கிற தாய்மாரை எனக்குத் தெரியும். அவர்கள் நிலைப்பாட்டை நான் மதிக்கிறேன். வாங்குகிற பெண்ணையும் மதிக்கிறேன். உங்கள் மனம் எதற்கு இடம் கொடுக்கிறதோ அதைச் செய்யுங்கள். இதில் எவரும் உங்களை அவசரப்படுத்தவோ குறைசொல்லவோ கூடாது.

உங்கள் கேள்வியில் இல்லாவிட்டாலும், இதே நிலையில் இருக்கிற மற்றப் பெண்களுக்காக ஒன்று. கணவர் விட்டுவிட்டுப் போனவர், ஆள் இருக்கிற இடம் தெரியும் என்றால் 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்புக் கேட்கலாம். பிள்ளைக்கு 18 வயது ஆனதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். தன்னைத்தான் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு 18 முதல் 25 வரையும் கேட்க அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. சட்ட உதவி ஆணைக்குழு வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வழக்குப் பேசும், அதை எப்படி அணுகுவது என்று பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேட்கலாம்.

இனி உங்கள் கையால் வருகிற மாதக் காசு. மகன் 6,000 தந்தால் இன்னும் 2,500 வேண்டும். பெரிய தொழில் எதையும் தொடங்காதீர்கள். உதவித் திட்டத்தில் நூறு கோழி தருகிறோம் என்பார்கள். தீன் விலையைக் கணக்குப் பார்க்காமல் வாங்கிய கோழிகள் கடைசியில் கறிக்குத்தான் போயின. பத்துப் பதினைந்து ஊர்க்கோழி, முற்றத்துத் தீனிலும் வீட்டு மிச்சத்திலும் வளரட்டும். முட்டையைக் கடைக்குக் கொடுத்துக் கிழமைக் கிழமை கணக்கு முடியுங்கள். மாடு இருந்தால் பால் சேகரிப்பு நிலையத்துக்கு ஊற்றுங்கள். தனியாருக்கு விற்றால் லீற்றருக்கு இரண்டு ரூபாய் கூடக் கிடைக்கலாம், ஆனால் நிலையத்தில் கணக்கு ஒழுங்காக வரும். கிணற்றில் தண்ணீர் இருக்கிற மாதங்களில் கீரை, வெண்டி, பயிற்றை போட்டால் விற்காவிட்டாலும் சந்தைச் செலவு குறையும். ஆடி, ஆவணியில் கிணறு வற்றும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கச்சான் காலத்துக் கூலி வரும்போது அதை மாதச் செலவோடு கலக்காமல் தனிக் கணக்கில் போடுங்கள். தை மாதத்துக் கொப்பி, சப்பாத்து, ஆட்டத்திவசம், கூரைத் தகரம் எல்லாம் அதிலிருந்து போகட்டும். ஊர்ச் சீட்டில் சேரலாமா என்றால், பிடிப்பவர் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பெண்ணாகவும் தொகை சின்னதாகவும் இருந்தால் சேரலாம்.

கடைசியாக, அடுத்த நாலைந்து வருடத்தில் வீட்டில் ஆள் இன்னும் மாறும். நம்முடைய பக்கத்து வழக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மகன் பெண் வீட்டுக்குப் போவார். அப்போது அந்த 6,000 நிற்கும் அல்லது குறையும். அதில் அவரைக் குறைசொல்ல ஏதுமில்லை. அதனால் மகன் தருகிற காலத்திலேயே உங்கள் சொந்த வருமானத்தை 2,500 ரூபாயோடு நிறுத்தாமல் கூட்டிக்கொண்டு வாருங்கள். மகளின் கல்யாணத்தில் வீட்டைச் சீதனமாக எழுதச் சொல்லுவார்கள். உங்கள் காணி அனுமதிப்பத்திரக் காணியா (அரசாங்கம் பத்திரத்தில் கொடுத்தது) உறுதிக் காணியா (சொந்த உறுதி உள்ளது) என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். அனுமதிப்பத்திரக் காணி என்றால் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. பத்திரம் கணவர் பெயரில் கிடந்தால் உங்கள் பெயருக்கு எப்படி மாற்றுவது என்று காணிப் பிரிவில் கேட்டு வேலையைத் தொடங்குங்கள், அதற்கு நாள் எடுக்கும். உறுதிக் காணி என்றால், மகளுக்கு எழுதும்போது உங்கள் சீவிய உரித்தை, அதாவது நீங்கள் உயிரோடு இருக்கும்வரை அதில் இருக்கிற உரிமையை, வைத்து எழுதச் சொல்லி நொத்தாரிசிடம் சொல்லுங்கள். மருமகன் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சொல்லுங்கள். கல்யாணம் பேசும்போது இதைச் சொல்ல வாய் வராது, அதனால் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும் முன்பே மகளிடம் சொல்லி வைத்துவிடுங்கள்.